அந்த 48 விநாடியில் நான் என்ன சொன்னேன்?

என் போனில் ஒரு பழைய அழைப்பின் பதிவு கிடக்கிறது. காலை 10.12 மணி, 48 விநாடி. பெரியம்மாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த நரம்பியல் மருத்துவரின் கிளினிக்குக்கு நான் பேசியது. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறார். போன் செய்தோம் என்பதற்கு அது சாட்சி. என்ன பேசினோம் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை, நான் உட்பட. "காய்ச்சல் இருக்கு, தொண்டை வலிக்குது, கண்ணு எரியுதுன்னு சொல்றாங்க" என்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "காய்ச்சல் மாத்திரை போடுங்க, டாக்டர் எழுதினதை நிறுத்தாதீங்க, குறையலைன்னா கூட்டிட்டு வாங்க" என்று மறுமுனையில் அந்தப் பெண் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. புது மாத்திரை ஆரம்பித்து 13 நாள்தான் ஆகிறது என்று அவரிடம் சொன்னேனா? அது மட்டும் எவ்வளவு தோண்டினாலும் கிடைக்கவில்லை.

போன வாரம் வக்கீல் என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரத்தின் வரைவை அனுப்பினார். நான்காவது பத்தியில், "புதிய மருந்து தொடங்கி 13 நாட்களே ஆன விவரத்தை நான் தெளிவாகத் தெரிவித்தும்" என்று ஒரு வரி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அந்தத் தாளோடு ஒரு வாரமாக உட்கார்ந்திருப்பவன் எழுதுகிற கட்டுரை இது.

பெரியம்மாவுக்கு முகத்தின் வலப்பக்கம் நரம்பு வலி. பல் தேய்த்தால், கன்னத்தில் காற்று பட்டால், மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டி இழுக்கும். பல்வலி என்று நினைத்து இரண்டு பல்லைப் பிடுங்கிய பிறகுதான் நரம்பு மருத்துவரிடம் போனோம். அவர் கார்பமாசெபின் எழுதினார். இந்த வலிக்கு உலகம் முழுக்க முதலில் எழுதப்படுகிற மருந்து அதுதான். நான்காம் நாளே வலி பாதியானது. அந்த மருத்துவரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார் பெரியம்மா. 13-ஆம் நாள் காய்ச்சல் வந்தது. 15-ஆம் நாள் காலை மார்பில் சிவப்புத் திட்டுகள், மாலைக்குள் உதடு வெந்ததுபோல் உரிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பெரியம்மாவின் வாயை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசி ரெண்டு மாசத்துல புதுசா எந்த மாத்திரை ஆரம்பிச்சீங்க?" அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை இரண்டு நாள் முன்னால் யாராவது கேட்டிருந்தால் என்கிற எண்ணம் அப்போது உள்ளே போய் உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

நோயின் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். தோலும், வாய், கண்களின் உட்சவ்வும் தீக்காயம் பட்டதுபோல் உரிகிற மருந்து ஒவ்வாமை. உடலின் மேற்பரப்பில் 10 சதவீதத்துக்குள் உரிந்தால் இந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். அந்த இரண்டாவது வகையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பெரியம்மா முதல் வகையோடு தப்பினார். 19 நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது கண்ணீர் சுரப்பு போயிருந்தது. இப்போது இரண்டு மணிக்கொரு முறை கண்ணுக்குச் சொட்டு மருந்து. அழுதால்கூடக் கண்ணீர் வராது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்களுக்குத்தான் சிரிப்பு வராது.

மருந்து செய்ததா, மருத்துவர் செய்ததா

"மருந்து கொடுத்தவர்தானே பொறுப்பு?" என்பது அண்ணனின் வாதம். முதல் மாதம் எனக்கும் அதேதான். ஆனால் சட்டம் கேள்வியை அப்படிக் கேட்பதில்லை. மருந்தால் கெடுதல் வந்ததா என்பது அதற்கு முதல் படி மட்டும். அந்த மருத்துவர், அதே துறையில் தேர்ச்சியுள்ள இன்னொருவர் காட்டியிருக்கக்கூடிய கவனத்தைக் காட்டினாரா என்பதுதான் வழக்கு. சரியான நோய்க்குச் சரியான மருந்தை, சரியான அளவில் கொடுத்தும் தோல் உரிந்தது என்றால், அது துரதிர்ஷ்டம். சட்டத்தின் கண்ணில் குற்றமில்லை. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் கொஞ்சம் யோசித்தால் வேறு எப்படியும் இருக்க முடியாது. பக்க விளைவே இல்லாத மருந்து என்று ஒன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் எழுதியவர்தான் பொறுப்பு என்றால் நாளைக்கு யாரும் எதையும் எழுதமாட்டார்கள். பெரியம்மா அந்த முக வலியோடேயே இருந்திருப்பார்.

பக்க விளைவுகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மருந்தின் வேலையே கொஞ்சம் மிஞ்சிப்போவதால் வருவது: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரினால் ரத்தக் கசிவு, சர்க்கரைக்கான இன்சுலினால் தாழ் சர்க்கரை. எதிர்பார்க்கக்கூடியது, அளவைப் பொறுத்தது. மற்றொன்று, அந்த ஒரு உடம்புக்கு மட்டும் ஆகாமல் போய் திடீரென வெடிப்பது. முதல் வகையில் மருத்துவர் மாட்டிக்கொள்வது சுலபம். மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் கொடுத்துவிட்டு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டால், மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று தவறி எழுதினால், தற்காப்புக்கு வார்த்தை கிடைக்காது. இரண்டாவது வகைதான் சிக்கல்.

கார்பமாசெபின் அந்த இரண்டாவது வகை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினர் அதிகமுள்ள நாடுகளில், புதிதாக அதை ஆரம்பிக்கிற 10,000 பேரில் 1 முதல் 6 பேருக்கு இப்படித் தோல் உரியும். சில ஆசிய நாடுகளில் அதைப்போல் சுமார் பத்து மடங்கு. 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் காரணத்தின் ஒரு முனையைப் பிடித்தார்கள்: எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை. 2007-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் அந்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லி எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ஆக, நேற்று வரை விதி என்று விட்டது, இன்று ஒரு ரத்தப் பரிசோதனை. "அப்போ ஏன் பார்க்கலை?" என்று அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மரபணு எல்லா ஆசிய மக்களிடமும் ஒரே அளவில் இல்லை, அது இல்லாதவர்களுக்கும் நோய் வருகிறது, எல்லா நாட்டு வழிகாட்டுதலும் பரிசோதனையைக் கட்டாயமாக்கவும் இல்லை. சக மருத்துவர்கள் அந்த இடத்தில், அந்த ஆண்டில் என்ன செய்வார்கள் என்பதை வைத்தே நீதிமன்றம் எடைபோடும். பெரியம்மாவுக்கும் எல்லாம் முடிந்தபிறகு அந்தப் பரிசோதனை செய்தார்கள். அந்த மரபணு இல்லை என்று வந்தது. வக்கீலின் முதல் வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

மடிப்பில் இருந்த வரி

இரண்டாவது வாதம், மருத்துவர் எச்சரிக்கவில்லை என்பது. அதைத்தான் பலமாக நம்பியிருந்தோம். இந்த ஆபத்தைப் பற்றி அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. அறைக்குள் நானும்தான் இருந்தேன். "தூக்கம் வரும், தலை சுத்தும், வண்டி ஓட்டாதீங்க" என்றார். எழுபது வயதுப் பெரியம்மா ஓட்டுகிற வண்டி! பிறகு வக்கீலுக்காக மருந்துச் சீட்டை ஸ்கேன் செய்யும்போது விரித்துத் தேய்த்துப் பார்த்தேன். நாலாக மடித்ததில் நடுமடிப்பு விழுந்த இடத்தில், மருந்துக் கடை முத்திரையின் ஊதா மைக்குக் கீழே, "ரேஷ்" என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, "ஸ்டாப்" என்று இன்னொரு சொல். ஆங்கிலத்தில், மருத்துவர் கையெழுத்தில். தடிப்பு வந்தால் நிறுத்து. 13 நாளும் அந்தச் சீட்டு பெரியம்மாவின் கைப்பையில்தான் இருந்திருக்கிறது.

எழுதியது சொன்னதாகுமா? இதற்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. இங்கிலாந்தில் 1957-இன் போலம் தீர்ப்பு, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கிற நடைமுறையைப் பின்பற்றினால் போதும் என்றது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதையும் வெகுகாலம் மருத்துவர்கள் பக்கத்திலிருந்தே அளந்தார்கள். 2015-இன் மான்ட்கோமரி தீர்ப்பு அதைத் திருப்பிப் போட்டது: அந்த நோயாளியின் இடத்தில் இருக்கிற ஒருவருக்கு எது முக்கியமாகப் படுமோ அதைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியா 1992-லேயே அங்கே போய்விட்டது. ஒரு கண்ணில் பார்வையில்லாத பெண், நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டும், 14,000-இல் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்தை அறுவை மருத்துவர் சொல்லவில்லை. அந்த ஒருவராக அவரே ஆனார். எண்ணிக்கை சின்னதுதான், அவரிடம் இருந்ததும் ஒரே கண்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் அவ்வளவு தூரம் போகவில்லை. மருத்துவத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படுகிற அளவு போதும், நோயாளியைக் குழப்பிப் பயமுறுத்தும் தொலைதூர ஆபத்துகளை அடுக்க வேண்டியதில்லை என்றது.

இதில் நான் எந்தப் பக்கம் என்றால், மான்ட்கோமரி பக்கம்தான். ஆனால் எல்லாவற்றையும் சொல்வது ஒரு தந்திரமாகவும் மாறிவிடும். மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்ததே, எறும்பு எழுத்தில், அதில் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயரே போட்டிருந்தது, வாந்திக்கும் வாய் உலர்வதற்கும் நடுவில். அது பெரியம்மாவுக்காக எழுதப்பட்டதில்லை, வழக்குக்காக எழுதப்பட்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் 1960-களிலிருந்து ஒரு கோட்பாடு வைத்திருக்கின்றன: மருந்துக் கம்பெனி மருத்துவரை எச்சரித்தால் போதும், நோயாளியிடம் கொண்டுசேர்ப்பது படித்த இடைநபரான மருத்துவரின் வேலை. கம்பெனி மருத்துவரிடம் தள்ளுகிறது, மருத்துவர் சீட்டின் மடிப்புக்குத் தள்ளுகிறார். எல்லோரும் சொல்லிவிட்டார்கள். யார் காதிலும் விழவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதுதான் என்னை அதிகம் படுத்துகிறது. அந்த வரியை 13-ஆம் நாள் நாங்கள் படித்திருந்தாலும் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டோம். அன்று ரேஷ் இல்லை. இந்த நோயில் பல நேரம் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் முதலில் வரும். தோல் ஓரிரு நாள் கழித்துத்தான் காட்டும். சீட்டில் இருந்த எச்சரிக்கை உண்மை, ஆனால் இரண்டு நாள் பிந்திய உண்மை. அந்த இரண்டு நாளை மூடியிருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: 10.12 மணி போன்.

கிளினிக்கில்

வழக்கு என்று இறங்குமுன் ஒருமுறை நேரில் பேசிவிடலாம் என்று அண்ணனுக்குத் தெரியாமல் போனேன். கடைசி நோயாளியும் போன பிறகு உள்ளே கூப்பிட்டார். பெரியம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். "இந்த மருந்தை இருபது வருஷத்துக்கு மேல எழுதுறேன் சார். இப்படி ஆனது எனக்கு இது ரெண்டாவது" என்றார். சீட்டின் நகலை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். மடிப்பில் விழுந்ததையும் முத்திரை விழுந்ததையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "வாயாலயும் சொல்லியிருக்கணும்" என்றார். வக்கீல் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் சொல்லுக்காகத் துள்ளியிருப்பார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டேன், சரி, போகட்டும்.

அப்புறம் அவர் கேட்டார்: "போன் பண்ணீங்களாமே, எனக்கு அது வரவே இல்லையே?" மணியை அடித்தார். வரவேற்பில் இருக்கும் பெண் வந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்து தேதி பார்த்துப் பக்கத்தைத் திருப்பினார். பெரியம்மாவின் பெயர், 10.12, "காய்ச்சல், பாராசிட்டமால் சொன்னேன்." அவ்வளவுதான். கண் எரிச்சல் என்று எழுதவில்லை. "மாத்திரை புதுசுன்னு சொன்னாங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லியிருக்கலாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நானும் சொல்லியிருக்கலாம். "ஞாபகம் இல்ல சார்" என்றார் அவர். நோட்டை மூடும்போது அவர் கை லேசாக நடுங்கியது.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் வெகுநேரம் நின்றேன். அதுவரை என் மனதில் இருந்த வழக்கில் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் மருத்துவர். இப்போது நடுவில், காய்ச்சலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணும், என்ன கேட்க வேண்டும் என்று தெரியாத நானும்.

சட்டத்துக்கு இது புதிதில்லை. லண்டனில், தலையில் அடிபட்டு அவசரப் பிரிவுக்குப் போன ஒருவரிடம், மருத்துவர் பார்க்க நாலைந்து மணி நேரம் ஆகும் என்று வரவேற்பில் சொன்னார்கள். உண்மையில் ஒரு செவிலியர் அரை மணி நேரத்துக்குள் பார்த்திருப்பார். அவர் 19 நிமிடத்தில் கிளம்பிப் போய்விட்டார். மண்டையோட்டுக்குள் ரத்தக் கசிவு, நிரந்தர பாதிப்பு. டார்ன்லி வழக்கு என்பார்கள். 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வரவேற்பில் இருப்பவர் மருத்துவர் இல்லை என்பதால் மருத்துவமனை தப்ப முடியாது என்றது. தவறான தகவல் கொடுக்காமல் இருக்கிற கடமை, யார் வாய் வழியாகப் பேசினாலும் அந்த நிறுவனத்துடையது. இந்த மூன்றாவது வாதத்தைத்தான் வக்கீல் இப்போது கெட்டியாகப் பிடித்திருக்கிறார். அதற்குத்தான் நான்காவது பத்தி.

என் தவறையும் கணக்கில் எடுப்பார்களா என்று தேடியபோது அனுராதா சாஹா வழக்கில் போய் முட்டினேன். 1998-இல் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குக் கொல்கத்தா வந்தவர். தோலில் தடிப்பு வந்தது. நீண்ட நாள் வேலை செய்கிற டெபோமெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு முறை எழுதினார்கள். அந்த ஊசிகளுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விடுவதுதான் முறை. பெரியம்மா மாட்டாமல் தப்பிய அந்த டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸில் அவர் இறந்துபோனார். கணவர் குணால் சாஹாவும் மருத்துவர். 15 வருடம் விடாமல் நடத்தினார். 2009-இல் உச்ச நீதிமன்றம் அலட்சியம் என்றது, ஆனால் கிரிமினல் குற்றம் இல்லை என்றது. 2013-இல் இழப்பீடு சுமார் 6 கோடி ரூபாய். பேப்பரில் எல்லோரும் படித்தது அந்தத் தொகையை. நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு இடம். அதற்குமுன் தேசிய நுகர்வோர் ஆணையம், கணவரும் சிகிச்சையில் தலையிட்டார் என்று சொல்லி இழப்பீட்டில் 10 சதவீதத்தைக் கழித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தக் கழிவை ரத்து செய்தது. ரத்து செய்ததைப் படித்து எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். அந்த 10 சதவீதத்தோடு அந்த மனிதர் எத்தனை இரவு படுத்திருப்பார் என்றுதான் தோன்றியது.

யார் தவறு என்றே கேட்காமல் பணம் கொடுக்கிற நாடுகளும் இருக்கின்றன. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து இழப்பீட்டுத் திட்டம் உண்டு, சிகிச்சையால் வரும் காயமும் அதில் சேரும். ஜப்பானில், வயிற்றுப்போக்குக்கான க்ளையோகுவினால் மருந்தால் ஆயிரக்கணக்கானவர்களின் நரம்பும் பார்வையும் கெட்ட பிறகு, 1980-இல் மருந்துப் பக்க விளைவுக்கென்றே ஒரு நிவாரணத் திட்டம் வந்தது. சரியாகப் பயன்படுத்தியும் கெடுதல் வந்தது என்று காட்டினால் போதும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "பணம் யாருக்குடா வேணும்? தப்புன்னு ஒருத்தன் ஒத்துக்கணும்" என்றார். ஒத்துக்கொண்டதை நான் கேட்டேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

நேற்று அந்த நான்காவது பத்தியில் "தெளிவாகத் தெரிவித்தும்" என்பதை அடித்துவிட்டு, "தெரிவித்தேனா என்பது நினைவில் இல்லை" என்று எழுதி அனுப்பினேன். அது இல்லாவிட்டால் வழக்கில் உயிரில்லை என்று வக்கீல் பதில் போட்டிருக்கிறார். அண்ணன் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் பெரியம்மா, அது என்ன தாள் என்று கேட்டார். முழுசாகப் படித்துக் காட்டினேன். நான்காவது பத்தி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நீ சொன்னியா?"

"தெரியல பெரியம்மா."

"நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கும் தெரியல." அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து, வலக்கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "மணி ஆயிடுச்சு. சொட்டு விடு."